1 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் கோழிக் கருவைக் கெடுக்குமா? ஹென்ஹவுஸ் ஆய்வும் எலி ஆய்வுகளும்

வெண்பறவை | பிப்ரவரி 3, காலை 8:40

1 மைக்ரோடெஸ்லா அளவே உள்ள துடிப்புக் காந்தப்புலத்தில் 48 மணி நேரம் வைத்த முட்டைகளில் ஏறக்குறைய 25 சதவீதம் குறைபாடுள்ள கருக்கள். புலம் படாத முட்டைகளில் 19 சதவீதம். ஆறு ஆய்வகங்கள் ஒரே மாதிரி கருவியோடு செய்த ஹென்ஹவுஸ் ஆய்வு, 1990. காந்தப்புலம் கருவைச் சிதைக்கும் என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள், அங்கிருந்து நேராக எலிக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் தாவுகிறார்கள். இந்த முடிவு நிற்குமா? எம்.எஸ்சி. ஆய்வுக்கு இதையே திரும்பச் செய்து பார்க்க நினைக்கிறேன். நாமக்கல் முட்டை, சாதாரண இன்குபேட்டர், சிக்னல் ஜெனரேட்டர், ஒரு ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (நடுவில் சீரான காந்தப்புலம் தரும் இணைச் சுருள்) போதுமா? புலம் பட்ட பக்கம், படாத பக்கம், பக்கத்துக்கு 100 முட்டை வைக்கலாம் என்று கணக்கு.

எண்கணக்கு | பிப்ரவரி 3, காலை 10:05

100 போதாது. 19க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, பக்கத்துக்குச் சுமார் 740 முட்டை வேண்டும். 100 வைத்தால், விளைவு உண்மையாகவே இருந்தாலும் அது கண்ணில் படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கடைசியில் 'விளைவு இல்லை' என்று எழுதுவீர்கள், அந்த வரிக்கு எந்தப் பொருளும் இருக்காது.

ஹென்ஹவுஸின் ஆறு ஆய்வகங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்தில் புலம் பட்ட பக்கம் குறைபாடு கூடுதல். ஆனால் இரண்டில் மட்டுமே வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தாண்டியது (பி மதிப்பு, அதாவது விளைவே இல்லாதபோது தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, ஒன்றில் 0.03, இன்னொன்றில் 0.001க்கும் கீழ்). மூன்றாவது ஒன்று 0.08ல் நின்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால்தான் 25, 19 வருகிறது. அதே கட்டுரையில், ஆய்வகத்துக்கு ஆய்வகம் விளைவு மாறுவதும் புள்ளியியல்படி உறுதி, அதன் காரணம் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் இந்த ஆய்வை எடுத்துப் போடுபவர்கள் விட்டுவிடுவது இந்த வரியைத்தான்.

கால்நடை_உடற்கூறு | பிப்ரவரி 3, பகல் 1:30

வெண்பறவை, முதலில் முட்டை. நாமக்கல்லிலிருந்து கடைக்கு வருவது தீனி போட்டுக் கூண்டில் வளர்க்கும் முட்டைக்கோழியின் முட்டை. அங்கே சேவலே கிடையாது, கரு கூடாத முட்டை. எத்தனை நாள் அடை வைத்தாலும் ஒன்றும் வராது. ஹேச்சரிக்கு முட்டை தரும் தாய்க்கோழிப் பண்ணையில் கேளுங்கள். ஒரே மந்தை, ஒரே வயதுக் கோழி, இட்ட தேதி எழுதிய முட்டையாக வாங்குங்கள்.

இட்ட முட்டைக்குள் கரு அப்போதே பல்லாயிரம் செல்லாகப் பெருகியிருக்கும். கோழியின் வயிற்றிலேயே ஒரு நாள் வளர்ந்து வெளியே வருகிறது. ஆகவே 'பூஜ்யம் மணி' என்று நாம் எழுதுவது அடை வைத்த நேரத்தைத்தான். 15 முதல் 18 டிகிரியில் வைத்து ஐந்து நாளுக்குள் பயன்படுத்துங்கள். அறைச் சூட்டில் வெளியே கிடந்தால் நம் ஊர் வெயிலில் கரு மெதுவாக நகரத் தொடங்கிவிடும், பாதி வளர்ந்து நின்றுபோகும். அந்த முட்டையைத் திறக்கும்போது அது குறைபாடாகத்தான் தெரியும். வண்டியில் வந்த முட்டையை அகன்ற முனை மேலே இருக்கும்படி அரை நாளாவது ஆடாமல் வைத்துவிட்டு அடை வையுங்கள்.

செப்புக்கம்பி | பிப்ரவரி 3, இரவு 9:15

சுருள் கணக்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜோடியின் நடுவில் புலம், டெஸ்லாவில்: 8.99 × 10⁻⁷ × சுற்று × ஆம்பியர் ÷ ஆரம் (மீட்டரில்). சுற்று என்பது ஒரு சுருளுக்கு. 10 செ.மீ. ஆரத்தில் 1 மைக்ரோடெஸ்லா வேண்டுமென்றால் 0.11 ஆம்பியர்-சுற்று. 5 சுற்று, 22 மில்லிஆம்பியர். அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையரே வேண்டாம்.

ஆனால் 100 சுற்று சுற்றி மின்னோட்டத்தைக் குறைக்கலாம் என்று போய்விடாதீர்கள். ஹென்ஹவுஸ் துடிப்பு: நொடிக்கு 100, ஒவ்வொன்றும் 500 மைக்ரோநொடி அகலம், ஏற்றமும் இறக்கமும் 2 மைக்ரோநொடி. அந்த 2 மைக்ரோநொடிதான் உயிர்நாடி. சுற்று கூடினால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதைத் தடுக்கும் தன்மை) சுற்றின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும், விளிம்பு மழுங்கும். 50 ஓம் ஜெனரேட்டரோடு நேரடியாக இணைத்தால் மொத்த இண்டக்டன்ஸ் 45 மைக்ரோஹென்றிக்குக் கீழ் இருக்க வேண்டும். மேலே சொன்ன 5 சுற்று ஜோடி ஏறக்குறைய அந்த எல்லைக்குள் வரும். 3 சுற்று, 37 மில்லிஆம்பியர் என்றால் இன்னும் நிம்மதி.

ஏன் இது முக்கியம்: 1 மைக்ரோடெஸ்லாவை 2 மைக்ரோநொடியில் ஏற்றினால் மாறும் வேகம் நொடிக்கு 0.5 டெஸ்லா. அதே 1 மைக்ரோடெஸ்லா 50 ஹெர்ட்ஸ் சைன் அலையில் உச்ச வேகம் நொடிக்கு 0.000314 டெஸ்லா. 1600 மடங்கு வித்தியாசம். முட்டைக்குள் தூண்டப்படும் மின்புலம் இந்த வேகத்தைத்தான் பின்தொடரும். 2 செ.மீ. ஆர வளையத்தில் துடிப்பின் விளிம்பில் மீட்டருக்கு 5 மில்லிவோல்ட், சைன் அலையில் 3 மைக்ரோவோல்ட். மைக்ரோடெஸ்லாவை மட்டும் எழுதி அலை வடிவத்தை எழுதாத கட்டுரையை ஓரமாக வைத்துவிடலாம்.

வெண்பறவை | பிப்ரவரி 4, காலை 7:50

நன்றி அண்ணா. கரு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தானே, 2 செ.மீ. ஆரம் ஏன் எடுத்தீர்கள்?

செப்புக்கம்பி | பிப்ரவரி 4, காலை 8:20

கரு தனியாகத் தொங்கவில்லையே. வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் மின்சாரம் கடத்தும் திரவம். வளையம் முட்டை அளவுக்கு ஓடும், மஞ்சள்கருவின் மேல் மிதக்கும் கரு அந்த வளையத்தின் வெளி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். புலத்தின் திசை மாறினால் வளையத்தின் தளமும் மாறும். ஹென்ஹவுஸில் புலம் கிடைமட்டம். முட்டையைப் படுக்க வைத்தீர்களா நிறுத்தி வைத்தீர்களா என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

எண்கணக்கு | பிப்ரவரி 4, மாலை 6:00

அலை வடிவம் பற்றி அண்ணன் சொன்னதற்குத் துணையாக. இந்தக் கதையின் தொடக்கம் மாட்ரிட். ஹோசே டெல்கடோ குழு 1982ல் 10, 100, 1000 ஹெர்ட்ஸ் துடிப்புகளை 0.12, 1.2, 12 மைக்ரோடெஸ்லாவில் வைத்துப் பார்த்தது. 100 ஹெர்ட்ஸ், 1.2ல் பாதிப்பு அதிகம், பத்து மடங்கு பலமான 12ல் அப்படி இல்லை. 'மருந்து கூடினால் பாதிப்பு கூடும்' என்ற வழக்கமான வரிசை இங்கே உடைந்தது. அடுத்த வருடமே உபேதா முதலியோர் துடிப்பின் வடிவத்தை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்று எழுதினார்கள். 1984லும் 1988லும் மஃபியோ குழு அதே புலங்களில் ஒன்றும் காணவில்லை. இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் ஆதரவில் ஹென்ஹவுஸ் வந்தது. தீரவில்லை.

(1963ல் ஸ்பெயினில் காளையின் மூளையில் மின்முனை பொருத்தி, பாய்ந்து வந்ததைப் பொத்தானால் நிறுத்தினாரே, அதே டெல்கடோதான்.)

கால்நடை_உடற்கூறு | பிப்ரவரி 5, காலை 11:10

தீராமல் போனதற்கு மந்தை ஒரு காரணமாக இருக்கலாம். ஃபேரல், லிட்டோவிட்ஸ் முதலியோர் 1997ல் வெளியிட்டது: ஐந்து வருடம், ஐந்து கட்டம், 2500க்கும் மேற்பட்ட வெள்ளை லெகார்ன் கருக்கள். நான்கு கட்டங்களில் துடிப்புப் புலம், கடைசிக் கட்டத்தில் 60 ஹெர்ட்ஸ் சைன் புலம். நான்கில் குறைபாடு இரண்டு முதல் ஏழு மடங்கு வரை கூடுதல். ஒரு துடிப்புக் கட்டத்தில் மட்டும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. அந்தக் கட்டம் தொடங்கும் முன் பண்ணைக்காரர் இனவிருத்தி மந்தையின் மரபை மாற்றியிருந்தார். மந்தையின் மரபுதான் எளிதில் பாதிக்கப்படுமா இல்லையா என்று தீர்மானிக்கிறது என்பது அவர்கள் ஊகம். ஊகம்தான், தனியாகச் சோதித்து உறுதி செய்ததல்ல. ஆனாலும் மந்தையின் பெயர், கோழியின் வயது, பண்ணை தந்த வரிசை எண் மூன்றையும் குறிக்காமல் ஒரு முட்டையும் உள்ளே போகக் கூடாது என்பதற்கு இது போதும்.

இன்னொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. புலம் படாத பக்கமே 19 சதவீதம்! ஐந்தில் ஒரு கரு தானாகவே கோணலாக இருக்கும் முட்டைக் கூட்டத்தில், எதைத் தொட்டாலும் அசையும். சூடு, பழைய முட்டை, ஆட்டம், எல்லாம்.

செப்புக்கம்பி | பிப்ரவரி 5, இரவு 10:40

அந்த 'எல்லாம்' பட்டியலில் இன்குபேட்டரே முதலில் வர வேண்டும். ஃபேன் மோட்டாரும் ஹீட்டர் கம்பியும் 50 ஹெர்ட்ஸில் சொந்தப் புலம் போடும். மோட்டாருக்குப் பக்கத்துத் தட்டில் அது நீங்கள் வைக்கப்போகும் 1 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிவிடும். பிறகு எந்தப் பக்கம் 'புலம் படாத பக்கம்'?

வழி: ஹீட்டரும் மோட்டாரும் வெளியே. சுடுநீர்த் தொட்டியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து, குழாய் வழியே வெந்நீரை இரண்டு அக்ரிலிக் பெட்டிகளின் சுவருக்குள் ஓடவிடுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே தொட்டி, இணையாகப் பிரித்த குழாய். பெட்டிக்குள் இரும்பு ஆணிகூட வேண்டாம், பித்தளை அல்லது நைலான் திருகு.

அளக்க செல்போன் ஆப்பை நம்பாதீர்கள். அதன் சென்சார் நிலையான புலத்தைக் காட்டும், 50 ஹெர்ட்ஸைத் தவறவிடும், 2 மைக்ரோநொடி விளிம்பு அதன் கண்ணுக்கே படாது. 10 சதுர செ.மீ. சட்டத்தில் 100 சுற்று மெல்லிய கம்பி சுற்றி ஆஸிலோஸ்கோப்பில் கொடுங்கள். துடிப்பின் விளிம்பில் 50 மில்லிவோல்ட் குச்சி போல எழும், தெளிவாகத் தெரியும். அதே சட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் 1 மைக்ரோடெஸ்லா வெறும் 31 மைக்ரோவோல்ட்தான் தரும். பின்னணியை அளக்க 1000 சுற்றுச் சட்டம் தனியாக வேண்டும்.

நிலையான புலத்தையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால் ஏறக்குறைய கிடைமட்டம். மாட்ரிட்டில் அது தரையை நோக்கி 50 டிகிரிக்கும் மேல் சாய்ந்திருக்கும். உங்கள் துடிப்பு பூமிப் புலத்துக்கு இணையா, குறுக்கா என்பதை அவர்களிடமிருந்து அப்படியே நகல் எடுக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மாற்றாமல் வைத்திருங்கள்.

வெண்பறவை | பிப்ரவரி 6, காலை 8:00

மேடம், 48 மணிக்குப் பிறகு கருவை எப்படி எடுப்பது, எதைக் குறைபாடு என்று கணக்கில் சேர்ப்பது?

கால்நடை_உடற்கூறு | பிப்ரவரி 6, மதியம் 2:20

ஹோவர்ட் ரிங்கர் கரைசல்: லிட்டருக்கு சோடியம் குளோரைடு 7.2 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.23. பாலூட்டிக்குப் போடும் 0.9 சதவீத உப்புநீர் கோழிக் கருவுக்குக் கூடுதல், செல் சுருங்கும்.

கரைசலை 37 டிகிரியில் கிண்ணத்தில் வைத்து அதற்குள்ளேயே முட்டையை உடையுங்கள். மஞ்சள்கரு தானாகத் திரும்பி, கரு மேலே வரும். நடுவில் ஓட்டை போட்ட வடிதாள் வளையத்தைக் கருவைச் சுற்றி ஒட்டவையுங்கள், சவ்வு தாளைப் பிடித்துக்கொள்ளும். வளையத்தின் வெளி ஓரத்தில் கத்தரியால் சுற்றி வெட்டி, தாளோடு தூக்கி, இன்னொரு கிண்ணத்தில் மெதுவாக ஆட்டுங்கள். ஒட்டிய மஞ்சள் கரைந்து போகும். இதயம் துடிப்பது ஸ்டீரியோ நுண்ணோக்கியில் தெரியும். இந்த இடத்தில் கை அவசரப்பட்டால் நரம்புக்குழாயில் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) கிழிசல் விழும், அதையே மூடாத நரம்புக்குழாய் என்று எழுதிவிடுவார்கள். ஓரம் பிசிறாக இருந்தால் கிழிசல், வழுவழுப்பாக உருண்டிருந்தால் உண்மைக் குறைபாடு.

38 டிகிரியில் 48 மணி என்றால் கோழிக் கருவின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரிக்கும் ஹாம்பர்கர்-ஹாமில்டன் அட்டவணையில் 12 அல்லது 13ஆம் நிலை, 16 முதல் 19 சோமைட் (நரம்புக்குழாயின் இரு புறமும் ஜோடி ஜோடியாக எழும் திசுக் கட்டி). முதலில் சோமைட்டை எண்ணுங்கள், பிறகுதான் குறைபாடு. 10 சோமைட்டோடு நிற்கும் கருவில் சில உறுப்பு இன்னும் உருவாகும் நேரமே வரவில்லை. அது தாமதம். தாமதத்தையும் குறைபாட்டையும் ஒரே கட்டத்தில் போட்டதால்தான் பழைய கட்டுரைகளில் சதவீதம் இப்படி ஆடுகிறது என்பது என் எண்ணம். அரை டிகிரி சூடு குறைந்தாலே சோமைட் எண்ணிக்கை இறங்கும். எனவே ஒவ்வொரு பெட்டியிலும் முட்டை மட்டத்தில் 0.1 டிகிரி காட்டும் சென்சார், ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு.

கரு கூடாத முட்டை, 48 மணிக்கு முன் இறந்தது, தாமதம், குறைபாடு, சரி: அட்டவணையில் ஐந்து தனிப் பத்தி. கரு கூடாததை மட்டுமே வகுக்கும் எண்ணிலிருந்து கழிக்கலாம். இறந்ததைக் கழித்துவிட்டால், மோசமாகப் பாதிக்கப்பட்ட கருக்களைத்தான் கணக்கிலிருந்து தூக்கியெறிகிறோம்.

எண்கணக்கு | பிப்ரவரி 7, காலை 9:30

எலிக்குப் போவோம், வெண்பறவையின் முதல் கேள்வியில் பாதி அங்கேதான் இருக்கிறது. கோழிக் கருவைத் தாயின் உடல் சூழ்ந்திருக்கவில்லை. பாலூட்டியில் தாய், நஞ்சுக்கொடி, தாயின் மன அழுத்தம் எல்லாம் நடுவில் வரும்.

ரையன் முதலியோர், 1996: ஸ்ப்ரேக்-டாலி இன எலி, குழுவுக்கு 55 தாய், 60 ஹெர்ட்ஸ், 2, 200, 1000 மைக்ரோடெஸ்லா, கர்ப்பத்தின் 6 முதல் 19ஆம் நாள் வரை தினம் 18.5 மணி நேரம். 1000ஐ ஒரு மணி விட்டு ஒரு மணியும் கொடுத்துப் பார்த்தார்கள். கரு இழப்பிலும் குறைபாட்டிலும் விளைவு இல்லை. கோவால்சுக் முதலியோர், 1994: சுண்டெலிக்கு 50 ஹெர்ட்ஸில் 20 மில்லிடெஸ்லா, அதாவது ஹென்ஹவுஸ் அளவின் 20,000 மடங்கு. வெளிக் குறைபாடு கூடவில்லை.

கம்ப்யூட்டர் திரையின் புலம் கருவைக் கெடுக்கும் என்ற பயம் பரவிய காலத்து 20 கிலோஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலையில் மட்டும் சலசலப்பு உண்டு. ஸ்வீடனில் ஃப்ரோலென் முதலியோர், 1993, சிபிஏ/எஸ் இனச் சுண்டெலியில் 15 மைக்ரோடெஸ்லா: தாய்க்குள்ளேயே உறிஞ்சப்பட்ட கருக்கள் கூடின, குறைபாடு கூடவில்லை. கனடாவில் வைலி முதலியோர், 1992, சிடி-1 சுண்டெலியில் 200 வரை போயும் ஒன்றும் காணவில்லை. இனம் வேறு, முடிவு வேறு.

கால்நடை_உடற்கூறு | பிப்ரவரி 7, மாலை 5:45

ஒன்றைச் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 தொகுப்பு, 20 மில்லிடெஸ்லா வரை பாலூட்டிகளில் வெளி, உள்ளுறுப்பு, எலும்புப் பெருங்குறைபாடு இல்லை என்கிறது. அதே பத்தியில், எலியிலும் சுண்டெலியிலும் சில ஆய்வுகளில் சிறு எலும்பு மாறுதல்கள் கூடின என்றும் சொல்கிறது. எலிக்கு 13 ஜோடி விலா. 14ஆவதாக ஒரு குட்டி விலா முளைப்பது, மார்பெலும்பு முழுதாகக் கெட்டிப்படாதது போன்றவை. 14ஆவது விலா தாய்க்கு மன அழுத்தம் வந்தாலும் கூடும். ஆகவே கூண்டின் சத்தம், அதிர்வு, தண்ணீர்க் குழாயில் மெல்லிய ஷாக், எல்லாவற்றையும் விலக்கிய பிறகே புலத்தின் மேல் பழி போடலாம்.

ஷாக் என்பது வெறும் பேச்சல்ல. கம்பிக் கூண்டும் எஃகுத் தண்ணீர் முனையும் சேர்ந்து வளையமானால், மில்லிடெஸ்லா புலத்தில் அதில் மின்சாரம் ஓடும். எலி நாக்கை வைக்கும் இடத்தில் முடியும். தண்ணீர் குடிப்பது குறையும், தாயின் எடை குறையும், குட்டி சிறுக்கும். பாலிகார்பனேட் கூண்டு, கண்ணாடி முனை.

செப்புக்கம்பி | பிப்ரவரி 7, இரவு 9:50

எலி அளவுக்குச் சுருளைப் பெரிதாக்கினால் சூடு முதல் எதிரி. 30 செ.மீ. ஆரம், 1 மில்லிடெஸ்லா: 100 சுற்று, 3.3 ஆம்பியர். 1.5 மி.மீ. செப்புக்கம்பியில் ஜோடிக்கு ஏறக்குறைய 40 வாட். கூண்டுக்கு இரு புறமும் ஒரு குண்டு பல்பின் சூடு, நாள் முழுக்க, கர்ப்பிணி எலிக்கு. ஷாம் பக்கத்தில் (எல்லாம் அதே மாதிரி, புலம் மட்டும் இல்லாத ஒப்பீட்டுப் பக்கம்) சுவிட்சை அணைத்து வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது சூட்டையும் சூடின்மையையும்.

தீர்வு இரட்டைக் கம்பிச் சுற்று. இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்து 50 சுற்று. ஒரே திசையில் ஓட்டினால் புலம். ஒன்றைத் திருப்பினால் புலம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், 40 வாட் சூடு அப்படியே இருக்கும். திருப்பும் சுவிட்ச் பூட்டிய டப்பாவுக்குள், சாவி கருவைப் பார்க்காத ஒருவரிடம். சுருளைக் கூண்டோடு தொடாமல் தனிக் காலில் நிறுத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் சுருள் 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும், இரட்டைச் சுற்றில் இரு நிலைக்கும் ரீங்காரம் ஒன்றாக இருக்காது.

எண்கணக்கு | பிப்ரவரி 8, காலை 8:15

எலிக் கட்டுரை படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது: எண்ணியது குட்டியையா, தாயையா? ஓர் ஈற்றுக் குட்டிகள் ஒரே தாய், ஒரே ரத்தம், ஒரே கூண்டு. 20 தாய், ஈற்றுக்கு 12 குட்டி, மொத்தம் 240. ஈற்றுக்குள் ஒற்றுமை 0.3 என்றால், 1 + 11 × 0.3 = 4.3 மடங்கு பெருக்கம். 240 குட்டி 56 தனிக் குட்டிக்குத்தான் சமம். 240ஐ அப்படியே போட்டால் பி மதிப்பு பொய்யாகச் சுருங்கும். ஒரே ஒரு தாய் கோணலான ஈற்றைப் போட்டாலும் 'காந்தப்புலத்தின் விளைவு' பிறந்துவிடும்.

வெண்பறவை | பிப்ரவரி 8, இரவு 8:30

1.5 டெஸ்லா எம்ஆர்ஐயில் சுண்டெலிக் கருவின் கண் கெட்டது என்று 1991 கட்டுரை ஒன்று எல்லா இடத்திலும் வருகிறதே?

கால்நடை_உடற்கூறு | பிப்ரவரி 9, காலை 10:00

டிண்டாலும் சூலிக்கும். சி57பிஎல்/6ஜே இனம், கர்ப்பத்தின் 7ஆம் நாள். இந்த இனத்தில் சின்னக் கண், கண்ணே இல்லாமை எதுவும் செய்யாமலேயே வரும், அதை ஆசிரியர்களே மரபுச் சாய்வுள்ள இனம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். சாய்வுள்ள இனத்தில் சிறு தள்ளுதலும் தெரியும், அது நல்ல உத்திதான். ஆனால் எம்ஆர்ஐக்குள் நிலையான புலம், சட்டென்று மாறும் சரிவுப் புலம், சூடாக்கும் ரேடியோ அலை மூன்றும் ஒன்றாக இருக்கின்றன, எது தள்ளியது என்று அந்த அமைப்பால் பிரிக்க முடியாது. முரகாமி முதலியோர் 1992ல் 6.3 டெஸ்லா நிலையான புலத்தை மட்டும் 7 முதல் 14ஆம் நாள் வரை தினம் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். குறைபாடு கூடவில்லை.

வெண்பறவை | பிப்ரவரி 10, காலை 7:30

திட்டத்தை மாற்றிவிட்டேன். எலி வேண்டாம், கோழி மட்டும். வெந்நீர்ப் பெட்டி இரண்டு, 3 சுற்று இரட்டைக் கம்பிச் சுருள். 740 முட்டை என்னால் முடியாது.

எண்கணக்கு | பிப்ரவரி 10, காலை 9:00

முடியாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். ஃபேரல் சொன்ன இரண்டு மடங்கு உண்மையானால், புலம் படாத பக்கம் 10 சதவீதமாக இருக்கும்போது புலம் பட்ட பக்கம் 20. அதைப் பிடிக்கப் பக்கத்துக்கு 200 போதும். தொகுதிக்கு 10 + 10, மொத்தம் 20 தொகுதி. 'இரண்டு மடங்கு விளைவு இந்த மந்தையில் உண்டா' என்று மட்டும் கேளுங்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எந்தப் பெட்டிக்குப் புலம் என்பதைத் தொகுதிக்குத் தொகுதி குலுக்கிப் போட்டு மாற்றுங்கள்.

கால்நடை_உடற்கூறு | பிப்ரவரி 10, மாலை 4:10

அந்த 10 சதவீதம் உங்கள் மந்தையில் வருமா என்பதே தெரியாதே. முதல் 5 தொகுதியை இரண்டு பெட்டியிலும் ஷாமாகவே ஓட்டுங்கள். இரண்டு பெட்டிக்கும் சோமைட் சராசரி ஒன்றுக்கு மேல் விலகினால் குழாயைச் சரி செய்யுங்கள், புலத்தைத் தொடாதீர்கள். குறைபாடு 15 சதவீதத்தைத் தாண்டினால் பண்ணையை மாற்றுங்கள். கருவைப் பார்ப்பவர் இருவராக இருக்கட்டும், முட்டையின் ஓட்டில் பென்சிலால் எண் மட்டும். மார்க்கர் பேனா வேண்டாம், மை ஓட்டின் துளை வழியே உள்ளே போகும்.